கிளைசினும் அவுரி நீலமும்



கரிம நைட்ரஜன் சேர்மங்கள் என்னும் பாடம் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் வருகிறது. நைட்ரோ சேர்மங்கள், அமீன்கள், டையசோனியம் உப்புகள் என்று பெயர்கள் அணிவகுத்து நிற்கும்போது, "இவற்றையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வது?" என்னும் சலிப்பு பலருக்கு உண்டாகிறது. சமன்பாடுகளை உருப்போட்டு, தேர்வில் எழுதி, விடுமுறையில் மறந்துவிடுவோரும் உண்டு.

இக்கட்டுரை அத்தகைய வினைகளுள் ஒன்றைப் பற்றியது. கிளைசின் என்னும் மிக எளிய அமினோ அமிலத்தின் வழிப்பொருள் ஒன்று காரத்துடன் சூடாக்கப்படுகிறது. காற்றுப் பட்டதும் நீல நிறம் பிறக்கிறது. சொல்லப்போனால் இவ்வளவுதான் வினை. ஆனால் இந்த ஒரு வினை நம் நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தின் பயிரை மாற்றியது. உழவர் குடும்பங்களின் தலைவிதியை மாற்றியது. காந்தியடிகளை ஒரு சிற்றூருக்கு வரவழைத்தது. பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை எனத் தறியோசை கேட்காத ஊர் அரிது. நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே வாழும் நாம் இந்த நீலத்தின் வரலாற்றையும் அதன் வேதியியலையும் சேர்த்தே அறிந்துகொள்வது நன்று.

இலைக்குள் ஒளிந்திருக்கும் நீலம்

அவுரி என்பது நம் புன்செய் நிலங்களிலும் வழியோரங்களிலும் வளரும் சிறு செடி. அதன் இலை பச்சை நிறமானது. இலையைக் கசக்கினால் நீலம் வருவதில்லை. அப்படியானால் நீலம் எங்கே இருக்கிறது?

அவுரி இலையில் இருப்பது இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருள். இது இண்டாக்சில் என்னும் நைட்ரஜன் சேர்மமும் குளுக்கோசும் கைகோத்து நிற்கும் ஒரு சேர்க்கை. இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால், இலையிலுள்ள நொதி அக்கைகளைப் பிரித்துவிடுகிறது. விடுபட்ட இண்டாக்சில் நீரில் கரைந்து நிற்கும். பிறகு அந்நீரைத் துடுப்பால் அடித்துக் கலக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உட்புகுந்து, இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கிறது. அப்போதுதான் நீலம் தோன்றி, கரையாத துகளாக அடியில் படிகிறது. அதை வடித்து, காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். அவுரித் தொட்டியில் இறங்கி நீரை அடித்த தொழிலாளி, வேதியியல் சொல்லில் கூறினால், ஓர் ஆக்சிஜனேற்ற வினையைத் தன் கைவலியால் நடத்தினார்.

சோழமண்டலக் கடற்கரையின் துணிகள் உலகப் புகழ் பெற்றமைக்குச் சாய வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் முக்கியக் காரணங்கள். நம் மாவட்டத்தின் பழவேற்காடு இவ்வணிகத்தில் பெரும் பங்கு வகித்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இத்துணிகளைத் தென்கிழக்கு ஆசியாவிற்கு அனுப்பும் பொருட்டே. கட்டமிட்ட பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் கடல் கடந்து விற்பனையாயின. சென்னை மாகாணத்தில் கடப்பை, நெல்லூர், தென்னாற்காடு முதலிய பகுதிகளில் அவுரி விளைந்தது. திண்டிவனம் பகுதியில் இன்றும் சிறிய அளவில் அவுரி நீலம் எடுக்கப்படுகிறது.

அமினோ அமிலம் என்பது யாது?

இனி வேதியியலுக்கு வருவோம். ஒரே மூலக்கூறில் அமினோ தொகுதியும் கார்பாக்சில் தொகுதியும் அமைந்திருந்தால் அதை அமினோ அமிலம் என்கிறோம். நம் உடலின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் மிகச் சிறியது கிளைசின். 1820-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பிரக்கோனோ ஊன்பசையை அமிலத்தில் கொதிக்கவைத்து இதைப் பெற்றார். இனிப்புச் சுவை இருந்ததால் இனிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக இதற்குப் பெயர் அமைந்தது. தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாகும். அந்தக் கொலாஜனின் முப்புரி அமைப்பை 1954, 1955 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கியது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நைட்ரஜன் கொண்ட வளையச் சேர்மங்களை ஆக்க விரும்பும் வேதியியலார் ஏன் அமினோ அமிலங்களையும் அவற்றின் வழிப்பொருள்களையும் நாடுகிறார்கள்? காரணம் எளியது. வளையம் கட்டுவதற்கு இரண்டு முனைகள் வேண்டும். அமினோ அமிலத்தில் ஒரு முனையில் நைட்ரஜன் ஆயத்தமாக இருக்கிறது. மறுமுனையில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டை ஒன்று உண்டு. அது எலக்ட்ரான் குறைந்த கார்பனைத் தேடிச் சென்று பிணையும். கார்பாக்சில் தொகுதியின் கார்பனோ எலக்ட்ரான் குறைந்தது. எனவே அது வேறோர் இடத்தில் பிணையக் காத்திருக்கிறது. ஒரு கயிற்றின் இரு நுனிகளும் முடிச்சிட ஏற்றவையாக இருப்பது போன்றது இது.

நீலத்தை உடைத்தவர்களும் கட்டியவரும்

நீலத்தின் அமைப்பை அறிய முதலில் அதை உடைத்துப் பார்த்தார்கள். 1826-இல் ஊன்வெர்டார்பன் என்பவர் நீலத்தைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். 1840-இல் பிரிட்சே என்பவர் நீலத்தைக் காரத்துடன் சூடாக்கி அதே எண்ணெயைப் பெற்று அதற்கு அனிலின் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு அதே நீலத்திலிருந்து ஆந்த்ரனிலிக் அமிலத்தையும் பெற்றார். நீலம் என்னும் வடசொல் அரபியில் அல்-நீல் ஆகி, போர்த்துகீசிய மொழியில் அனில் ஆயிற்று. ஆகவே அனிலின் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நீங்கள் நம் நாட்டு நீலத்தின் பெயரைத்தான் எழுதுகிறீர்கள்.

உடைத்ததைத் திரும்பக் கட்டுவது எளிதாக இல்லை. ஜெர்மானிய வேதியியலார் அடால்ஃப் வான் பேயர் பதின்மூன்றாம் பிறந்தநாளில் கிடைத்த பணத்தில் ஒரு நீலக் கட்டியை வாங்கியதாகக் கூறுவர். 1865-இல் அவர் நீலத்தைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1880-இல் சின்னமிக் அமிலத்திலிருந்து நீலத்தை ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1883-இல் நீலத்தின் அமைப்பை வெளியிட்டார். அதன்படி ஒரு நீல மூலக்கூறில் பதினாறு கார்பன், பத்து ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை 262. 1905-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பேயரின் முறைகள் ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றன. ஆனால் தொழிற்சாலையில் அவுரியை வெல்ல முடியவில்லை. மூலப்பொருள்களின் விலை அதிகம். ஆராய்ச்சியில் வெற்றி பெறுவது ஒன்று, சந்தையில் வெற்றி பெறுவது மற்றொன்று என்பதை மாணவியர் இங்குக் கவனிக்க வேண்டும்.

ஹியூமன் கண்ட இரு வழிகள்

1890-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்த கார்ல் ஹியூமன் அமினோ அமில வழிப்பொருள்களைக் கையில் எடுத்தார். அவர் கண்ட வழிகள் இரண்டு.

முதல் வழி:

1. அனிலினைக் குளோரோ அசிட்டிக் அமிலத்துடன் சேர்க்க வேண்டும். அனிலினின் நைட்ரஜன், குளோரினை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. கிடைப்பது பினைல் கிளைசின். அதாவது, கிளைசினின் நைட்ரஜனில் உள்ள ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் பென்சீன் வளையம் அமைந்த வழிப்பொருள்.

2. பினைல் கிளைசினை உருக்கிய காரத்தில் சூடாக்க வேண்டும். கார்பாக்சில் தொகுதியின் கார்பன் வளைந்து வந்து, பென்சீன் வளையத்தில் நைட்ரஜனுக்கு அடுத்துள்ள இடத்தில் பிணைகிறது. ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. ஐந்து அணுக்கள் கொண்ட புது வளையம் பிறக்கிறது. இதுவே இண்டாக்சில், அவுரி இலையில் ஒளிந்திருந்த அதே இண்டாக்சில்.

3. உருகலை நீரில் கரைத்துக் காற்றைச் செலுத்த வேண்டும். இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து ஒரு நீல மூலக்கூறையும் இரண்டு நீர் மூலக்கூறுகளையும் தருகின்றன.

இவ்வழி அழகாக இருந்தும் விளைச்சல் மிகக் குறைவு. இரண்டாம் படியில் தேவைப்பட்ட கடும் வெப்பத்தில் பொருளின் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று.

ஆகவே இரண்டாம் வழி. இதில் அனிலினுக்குப் பதிலாக ஆந்த்ரனிலிக் அமிலத்தை எடுத்துக்கொண்டார். இதுவும் ஓர் அமினோ அமிலமே. ஆனால் புரதங்களில் இடம்பெறாதது. குளோரோ அசிட்டிக் அமிலத்துடன் சேர்ந்ததும் இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் கொண்ட பினைல் கிளைசின் வழிப்பொருள் கிடைக்கிறது. காரத்தில் சூடாக்கினால் வளையம் எளிதாக மூடுகிறது; மிஞ்சிய கார்பாக்சில் தொகுதி கரியமில வாயுவாக வெளியேறுகிறது. விளைச்சல் நன்றாக இருந்தது.

ஆந்த்ரனிலிக் அமிலத்தை மலிவாக ஆக்க வேண்டுமானால் நாப்தலீனை ஆக்சிஜனேற்றம் செய்து தாலிக் அமிலத்தின் நீரிலியைப் பெற வேண்டும். நாப்தலீன் என்பது துணிப்பெட்டியில் பூச்சி வராமல் இருக்க வைக்கும் அதே உருண்டைப் பொருள். கல்கரித் தாரில் மலிவாகக் கிடைப்பது. ஆனால் வினை மெதுவாக நடந்தது. ஒரு நாள் கலவைக்குள் இருந்த வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்த, வினை விரைந்து நடந்ததாக வேதியியல் வரலாறு கூறுகிறது. பாதரச உப்பு வினையூக்கியாகச் செயல்பட்டது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் அந்நிறுவனம் இம்முயற்சியில் 1 கோடியே 80 லட்சம் மார்க் செலவிட்டிருந்தது. அந்த வெற்றியைக் காண ஹியூமன் உயிரோடு இல்லை. அவர் 1894-இல் மறைந்துவிட்டார்.

கைவிடப்பட்ட முதல் வழிக்கும் வாழ்வு வந்தது. 1901-இல் பிளேகர் என்னும் வேதியியலார் காரத்துடன் சோடமைடு என்னும் பொருளையும் சேர்த்தால், சுமார் 200 செல்சியஸ் பாகையிலேயே பினைல் கிளைசின் இண்டாக்சிலாக மாறுகிறது என்று கண்டார். சோடமைடு நீரை விரும்பி இழுக்கும். வினையில் பிறக்கும் நீரை அது நீக்கிவிடுவதால் விளைச்சல் உயர்ந்தது. இன்றும் உலகில் விற்பனையாகும் செயற்கை நீலத்தின் பெரும்பகுதி பினைல் கிளைசின் வழியாகவே பிறக்கிறது.

ஒரு சிறு கணக்கு

அனிலினின் மூலக்கூறு எடை 93. குளோரோ அசிட்டிக் அமிலத்தின் எடை 94.5. இவை சேர்ந்து 151 எடையுள்ள பினைல் கிளைசினையும் 36.5 எடையுள்ள ஹைட்ரஜன் குளோரைடையும் தருகின்றன. கூட்டிப் பாருங்கள், இருபுறமும் 187.5 வரும். பினைல் கிளைசின் ஒரு நீர் மூலக்கூறை (18) இழந்து 133 எடையுள்ள இண்டாக்சில் ஆகிறது. எனவே 302 கிராம் பினைல் கிளைசினிலிருந்து, ஒரு துளியும் வீணாகாவிட்டால், 262 கிராம் நீலம் கிடைக்கும். ஒரு ஜீன்ஸ் கால்சட்டைக்கு 3 முதல் 12 கிராம் நீலம் போதும். 10 கிராம் நீலத்திற்கு ஏறத்தாழ 7 கிராம் அனிலின் தேவை. ஒரு மேசைக்கரண்டி அளவுகூட நிரம்பாத அந்த எண்ணெய், அவுரி வயலின் வேலையைச் செய்துவிடுகிறது.

வயலில் நேர்ந்தது

1897-இல் உலகில் சுமார் 7,000 சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் நீலச் செடி பயிரிடப்பட்டது. அதன் பெரும்பகுதி இந்தியாவில். அவ்வாண்டு செடியிலிருந்து கிடைத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-இல் அது சுமார் 1,000 டன்னாகச் சுருங்கியது. பதினேழு ஆண்டுகளில் ஒரு பயிரே ஏறத்தாழ மறைந்தது.

இதைக் கேட்டு வருந்துமுன் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அவுரி நீலம் கண்ணீரோடு கலந்த நீலம். வங்காளத்தில் வெள்ளைத் தோட்டக்காரர்கள் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் நீலச் செடியைப் பயிரிட வற்புறுத்தினர். கடன் தலைமுறைகளைத் தொடர்ந்தது. 1859-இல் உழவர்கள் "இனிப் பயிரிட மாட்டோம்" என்று கிளர்ந்தெழுந்தனர். அக்கொடுமையைக் காட்டித் தீனபந்து மித்ரா 1860-இல் 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காக ஜேம்ஸ் லாங் என்னும் மறைப்பணியாளர் 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். ஏழைகளின் குரலை எடுத்துச் சொல்லியதற்குக் கிடைத்த பரிசு அது.

பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் நிலத்தை இருபது பங்காக்கி, மூன்று பங்கில் நீலம் பயிரிட வேண்டும் என்பது கட்டாயமாக இருந்தது. செயற்கை நீலம் வந்ததும் உழவர்கள் விடுதலை பெற்றிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. நீலத்தின் விலை வீழ்ந்ததால் நட்டமடைந்த தோட்டக்காரர்கள் அந்த நட்டத்தை உழவர் தலையில் சுமத்தினர். "நீலம் பயிரிடும் கடமையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்கு ஈடாக வாரத்தை உயர்த்து, அல்லது மொத்தத் தொகை கொடு" என்றனர். முன்பு பயிரிடச் சொல்லி வருத்தினர். இப்போது பயிரிடாமல் இருப்பதற்கே பணம் கேட்டனர்.

ராஜ்குமார் சுக்லா என்னும் உழவர் விடாமல் வேண்டிக்கொண்டதால் 1917 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே சென்றார். ஊரூராக வாக்குமூலம் பெறப்பட்டது. விசாரணைக் குழு அமைந்தது. வாங்கிய தொகையில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தரத் தோட்டக்காரர்கள் இசைந்தனர். 1918-இல் வந்த சட்டம் கட்டாயப் பயிரிடலை ஒழித்தது. ஜெர்மனியின் ஒரு குடுவையில் பினைல் கிளைசின் வளையமிட்டதற்கும் சம்பாரண் உழவரின் குடிசைக்கும் இடையே இவ்வளவு நேரான பாதை இருந்தது.

இலையும் குடுவையும் தருவது ஒன்றா?

"செடியிலிருந்து வந்தது நல்லது, இரசாயனத்தில் வந்தது கெட்டது" என்று சொல்லக் கேட்கிறோம். நீல மூலக்கூறைப் பொறுத்தவரை இதில் உண்மையில்லை. அவுரி தந்ததும் குடுவை தந்ததும் அணுவுக்கு அணு ஒன்றே. அவுரிக் கட்டியில் செந்நிறப் பொருளும் வேறு கலப்புகளும் சேர்ந்திருக்கும். அதன் செறிவு கட்டிக்குக் கட்டி மாறும். செயற்கை நீலம் எப்போதும் ஒரே செறிவுடையது. சாயக்காரர்கள் அதை விரும்பியதற்கு விலை மட்டுமன்றி இதுவும் காரணம்.

இன்னும் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. செடி தன் நீலத்தை எப்படி ஆக்குகிறது? செடியின் உயிரணுவில் ஆந்த்ரனிலிக் அமிலம் பல படிகளில் மாறி, டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலமாகிறது. அப்பாதையின் நடுவே பிறப்பது இண்டோல். அந்த இண்டோலிலிருந்தே இண்டாக்சில் உண்டாகிறது. ஹியூமன் தம் இரண்டாம் வழியில் எடுத்துக்கொண்டதும் அதே ஆந்த்ரனிலிக் அமிலம். செடி எந்த வாசலில் தொடங்கிற்றோ அதே வாசலில் மனிதனும் போய் நின்றான். நீங்கள் சூடும் மல்லிகையின் மணத்திலும் இண்டோலும் ஆந்த்ரனிலிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டரும் கலந்துள்ளன.

திருவிவிலியத்தில் விடுதலைப் பயண நூல், இறைவனின் கூடாரத்துக்கு நீலமும் கருஞ்சிவப்பும் சிவப்புமான நூல்களால் திரைகள் நெய்யப்பட்டதைக் கூறுகிறது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் லீதியா, அத்தகைய விலையுயர்ந்த செந்நிறத் துணிகளை விற்ற பெண் வணிகர். பண்டைய உலகில் அரசர்க்குரியதாயிருந்த அச்சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. 1909-இல் பிரீட்லெண்டர் என்னும் வேதியியலார் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயத்தை எடுத்து ஆராய்ந்தார். அது வேறொன்றுமில்லை, நம் அவுரி நீலத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக இரண்டு புரோமின் அணுக்கள் அமைந்த பொருள். கடலும் வயலும் ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறுகள்!

சாயத் தொட்டியும் ஆறும்

மூலக்கூறு நல்லது கெட்டது அன்று என்றால், நன்மை தீமை எங்கே நுழைகிறது? அதை ஆக்கும் முறையிலும் பயன்படுத்தும் முறையிலும்.

நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் எப்படிப் புகும்? சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்த்த தொட்டியில் நீலத்தை இடுகிறார்கள். ஹைட்ரோஸ் அதை ஒடுக்கி, கரையும் பொருளாக மாற்றுகிறது. தொட்டி நீர் மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றும். நூல் சிட்டத்தை அதில் முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தால், கண்ணெதிரே பச்சை மாறி நீலமாகும். ஆக்சிஜன் மீண்டும் வந்து, கரையாத நீலத்தை நூலிழைக்குள் பூட்டிவிடுகிறது. இதனால்தான் துவைத்தாலும் அது எளிதில் போவதில்லை.

ஹைட்ரோஸ் தன் வேலையை முடித்ததும் கந்தக உப்புகளாகக் கழிவுநீரில் தங்குகிறது. சுத்திகரிக்காமல் விட்டால் அது எங்கே போகும்? நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவு பாழாக்கியதால், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. நம் பள்ளிப்பட்டைத் தொட்டுச் செல்லும் கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பூண்டி நீரைச் சென்னை மக்கள் குடிக்கிறார்கள். இங்கே ஆற்றில் எதை விடுகிறோமோ அது அங்கே ஒருவர் வீட்டுக் குடத்தில் சேரும்.

அனிலினைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. உங்களுள் சிலர் நாளை கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ஆய்வாளராகவோ தொழிலாளராகவோ பணியாற்றக்கூடும். அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் புகும். இரத்தச் சிவப்பணுவின் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்; தலைசுற்றல், மூச்சுத்திணறல் வரும். அனிலின் பட்ட ஆடையை உடனே களைந்து, தோலை நீரால் நன்கு கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே மருத்துவர் ஊசி வழியாகச் செலுத்தும் மாற்றுமருந்து மெத்திலீன் நீலம். அதுவும் ஒரு சாயமே. கையுறை அணியச் சொல்லி ஆசிரியை கண்டிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

மீண்டும் அமினோ அமிலத்திற்கே

கதை அமினோ அமிலத்தில் தொடங்கியது. இப்போது வேறொரு வழியில் அமினோ அமிலத்திற்கே திரும்பி வந்திருக்கிறது. 1983-இல் பர்ட் என்ஸ்லியும் அவருடன் பணியாற்றியவர்களும், குடலில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவுக்கு வேறொரு பாக்டீரியாவின் மரபணுக்களைக் கொடுத்தனர். அப்பாக்டீரியா டிரிப்டோபேனை உடைத்து இண்டோல் ஆக்கும் இயல்புடையது. புதிய நொதி அந்த இண்டோலை ஆக்சிஜனேற்றம் செய்ய, வளர்ப்புத் தட்டில் நீலம் தோன்றியது. அனிலின் இல்லை, சோடமைடு இல்லை. சாதாரண வெப்பத்தில், தண்ணீரில் நடந்த வினை.

2018-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாமி சூ என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஒரு படி மேலே சென்றனர். அவுரி இலை இண்டாக்சிலைக் குளுக்கோசுடன் பூட்டி வைத்திருப்பதை முன்னரே கண்டோம் அல்லவா? அதே பூட்டைப் பாக்டீரியாவும் போடும்படி செய்தனர். இண்டாக்சில் நீலமாக மாறாமல் இண்டிக்கனாகவே கரைந்து நின்றது. துணியை அதில் நனைத்து, ஒரு நொதியால் பூட்டைத் திறந்தால் நீலம் நூலுக்குள்ளேயே பிறக்கிறது. ஹைட்ரோஸ் தேவையில்லை. பெருந்தொழிலுக்கு ஏற்ற விலையில் இதைச் செய்வதே இத்துறையினர் முன்னுள்ள வேலை.

நிறைவாக

ஒரே நீலத்திற்கு எத்தனை வழிகள்! அவுரித் தொட்டியின் வழி, ஹியூமனின் வழி, பிளேகரின் வழி, பாக்டீரியாவின் வழி. சேருமிடம் ஒன்றாயினும் ஒவ்வொரு வழியிலும் நடந்தவர்களின் கால்கள் வேறு. பட்ட காயங்கள் வேறு. அவுரி வழியில் உழவர் அழுதார். அனிலின் வழியில் தொழிலாளி மூச்சுத் திணறினார். கழிவு போன ஆறு மாசுபட்டது. வேதியியல் படிப்பவர் வினைபடு பொருளையும் விளைபொருளையும் மட்டும் எழுதினால் சமன்பாடு முடிந்துவிடாது. அவ்வினையால் யார் பிழைத்தார், யார் வருந்தினார் என்பதையும் கேட்க வேண்டும். படைத்தவர் செடிக்குள் வைத்த அறிவைக் கற்றுக்கொள்ளும் திறன் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. அதைப் பிறர் நலம் கருதிப் பயன்படுத்துவது நம் கடமை. இதைவிடக் குறைந்த நச்சுடன், குறைந்த நீருடன் நூலுக்கு நிறமேற்றும் வழியை நம் தறியூர்களின் பெண்பிள்ளை ஒருத்தி நாளை காணட்டும்.

சிந்திக்கவும் செய்யவும்

1. 50 கிராம் நீலம் பெற எத்தனை கிராம் பினைல் கிளைசின் தேவை? விளைச்சல் நூற்றுக்கு 80 ஆனால் எவ்வளவு தேவை?

2. ஹியூமனின் இரண்டாம் வழியில் கரியமில வாயு வெளியேறுகிறது. முதல் வழியில் வெளியேறுவதில்லை. ஏன்?

3. நீலத் தொட்டியிலிருந்து எடுத்த நூல் காற்றில் நிறம் மாறுவது ஆக்சிஜனேற்றமா, ஒடுக்கமா?

4. அறிவியல் மன்றத்தார் ஆசிரியையின் துணையுடன் பசும் அவுரி இலைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். சிறிது தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்து, கால் மணி நேரம் அடித்துக் கலக்குங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் எப்போது நிறம் மாறுகிறது, அப்போது எந்த வாயு உட்புகுந்தது என்று குறித்து வையுங்கள்.